வெனிஸ்: 3 இரவு, 4 பேர், அம்மாவுக்கு முட்டிவலி. எங்கே தங்குவது, எந்தப் பாஸ், மொத்தம் எவ்வளவு?

செந்தில்_கோவை

எல்லோருக்கும் வணக்கம். ஜூன் மூன்றாம் வாரம் குடும்பத்தோடு இத்தாலி போகிறோம். விசா வந்துவிட்டது. ரோம், ஃப்ளாரன்ஸ் இரண்டும் முடிவாகிவிட்டன. வெனிஸ்தான் பிடிபடாமல் நிற்கிறது.

நான், மனைவி, 12 வயது மகள், 68 வயது அம்மா. அம்மா சமதளத்தில் ஒரு கிலோமீட்டர் வரை நடப்பார். படி ஏறி இறங்குவதுதான் சிரமம். 24 அங்குலப் பெட்டி மூன்று. அம்மாவும் மனைவியும் சுத்த சைவம்.

வியாழன் மதியம் 1 மணி சுமாருக்கு ஃப்ளாரன்ஸிலிருந்து ரயிலில் வந்து சேருவோம். ஞாயிறு காலை 9:40க்கு மார்க்கோ போலோ விமான நிலையத்திலிருந்து ஃப்ராங்க்ஃபர்ட் வழியாக ஊர் திரும்புகிறோம்.

கேட்க வேண்டியவை இவை. தரைப்பக்கமுள்ள மெஸ்த்ரேயில் நான்கு பேர் படுக்கும் அறை இரவுக்கு 110 யூரோ. அதே தரம் தீவுக்குள் 210. மூன்று இரவுக்கு 300 யூரோ வித்தியாசம், அது தகுமா? 72 மணி நேரப் படகு பாஸ் தலைக்கு 45 யூரோவாம், நான்கு பேருக்கு 180 ஆகிறது, வாங்கித்தான் ஆகணுமா? ஊருக்குள் நுழையவே கட்டணம் என்கிறார்களே, எங்களுக்கும் உண்டா? கோண்டோலா (துடுப்புப் படகு) 90 யூரோ என்பது தலைக்கா, படகுக்கா? ரயில் டிக்கெட் நீங்கலாக எல்லாம் சேர்த்து 1,100 யூரோவுக்குள் முடியுமா?

தண்டவாளம்

முதலில் ரயில். வெனிஸ் பெயரில் இரண்டு ஸ்டேஷன். வெனிஸியா மெஸ்த்ரே தரைப்பக்கம், வெனிஸியா சான்ட்டா லூச்சியா தீவில். இரண்டுக்கும் நடுவே கடல்கழியைத் தாண்டும் பாலம், பத்துப் பன்னிரண்டு நிமிடம். முன்பதிவு செய்யும்போது பட்டியலில் மெஸ்த்ரே முதலில் வந்தால் பலர் அதையே தட்டிவிடுகிறார்கள். கட்டணத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. உங்கள் டிக்கெட்டில் 'எஸ். லூச்சியா' என்று இருக்கிறதா, இப்போதே பாருங்கள். ஃப்ளாரன்ஸிலிருந்து அதிவேக ரயில் இரண்டே கால் மணி நேரம். முன்கூட்டியே எடுத்தால் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். ஆனால் அந்தச் சலுகை டிக்கெட்டில் மாற்றமோ பணம் திரும்பலோ பெரும்பாலும் இருக்காது.

இப்போது தங்குமிடம். வெனிஸில் அறையை வாடகை பார்த்து எடுக்காதீர்கள், பாலம் பார்த்து எடுங்கள். ஊரில் நானூறுக்கும் மேல் பாலங்கள், பெரும்பாலானவை படி வைத்தவை. ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து படி ஏறி அதே அளவு இறங்க வேண்டும். வரைபடத்தில் 'ஸ்டேஷனிலிருந்து 600 மீட்டர்' என்று இருக்கும். நடுவே மூன்று பாலம் இருப்பதை அது சொல்லாது. மூன்று பெட்டியோடு மூன்று பாலம் என்றால் ஒவ்வொரு பெட்டியையும் மூன்று முறை தூக்கி இறக்க வேண்டும், அதுவும் பின்னால் கூட்டம் முட்டிக்கொண்டு நிற்கும்போது.

உங்களுக்கு ஏற்றது லிஸ்தா தி ஸ்பான்யா தெரு. சான்ட்டா லூச்சியா வாசலில் இறங்கி இடது கைப்பக்கம் திரும்பினால் அந்தத் தெருதான். அங்கிருந்து குல்யே பாலம் வரை முழுக்கச் சமதளம், ஒரு பாலமும் குறுக்கே வராது. அழகான தெரு என்று சொல்ல மாட்டேன். நினைவுப்பொருள் கடை, பர்கர் கடை என்று கசகசவென்று இருக்கும். ஆனால் பெட்டி தானாக உருளும், அம்மாவுக்கு ஒரு படி கிடையாது.

பணம் கட்டும் முன் ஹோட்டலுக்கு எழுதிக் கேட்க வேண்டியவை மூன்று: ஸ்டேஷனிலிருந்து வரும் வழியில் எத்தனை பாலம்? லிஃப்ட் உண்டா? லிஃப்ட் என்றால் வாசலில் இருந்தா, இல்லை முதல் மாடியில் இருந்தா? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பழைய கட்டடங்களில் வரவேற்பறை முதல் மாடியில் இருக்கும், அதுவரை செங்குத்தான கல் படிதான்.

முகவரியிலும் ஒரு சிக்கல். வெனிஸில் கதவு எண் தெருவுக்குத் தெரு தொடங்குவதில்லை. ஊர் ஆறு பகுதியாகப் பிரிந்திருக்கிறது: சான் மார்க்கோ, கஸ்தெல்லோ, கன்னரேஜோ, தோர்சோதூரோ, சான் போலோ, சான்ட்டா குரோச்சே. ஒரு பகுதி முழுக்க ஒரே வரிசை எண், ஆயிரக்கணக்கில் போகும். 'கன்னரேஜோ 200' என்று மட்டும் முகவரி இருந்தால் தெருப் பெயரையும் கேட்டு வாங்கி, வரைபடத்தில் புள்ளி குத்தி இணையம் இல்லாமல் திறக்கிற மாதிரி சேமியுங்கள். குறுகலான சந்துகளில் ஜிபிஎஸ் அடுத்த கால்வாய்க்கு எகிறிக் குதிக்கும்.

சிக்கனம்

பாஸ் கணக்கை நான் போடுகிறேன். கீழே சொல்வதெல்லாம் 2025 விலை.

ஒற்றைப் பயண டிக்கெட் 9.50 யூரோ, 75 நிமிடம் செல்லும். 24 மணி நேரம் 25, 48 மணி நேரம் 35, 72 மணி நேரம் 45, ஏழு நாள் 65. ஆறு வயதுக்குக் கீழே இலவசம். மூன்றாவது சவாரியிலேயே 24 மணி நேரப் பாஸ் லாபத்துக்கு வந்துவிடும்.

நேரம் ஓடத் தொடங்குவது வாங்கிய நொடியிலிருந்து அல்ல, முதல் முறை மெஷினில் காட்டிய நொடியிலிருந்து. லிஸ்தா தி ஸ்பான்யாவில் தங்கினால் வியாழன் மதியம் படகே தேவையில்லை. அறைக்குப் போய்ச் சாப்பிட்டு, அம்மா படுத்து எழுந்த பிறகு மாலை 4 மணிக்கு முதல் படகு ஏறுங்கள். 48 மணி நேரப் பாஸ் சனி மாலை 4 மணி வரை கைகொடுக்கும். அதற்குப் பிறகு ஹோட்டலைச் சுற்றியே பொழுதை வைத்துக்கொண்டால் 72 மணி நேரம் வேண்டியதே இல்லை.

மகளுக்கு மட்டும் வேறு கணக்கு. 6 முதல் 29 வயது வரை 'ரோலிங் வெனிஸ்' அட்டை உண்டு: அட்டை 6 யூரோ, அதைக் காட்டி 72 மணி நேரப் பாஸ் 27 யூரோ. மொத்தம் 33. பெரியவர்களின் 48 மணி நேரப் பாஸைவிட இரண்டு யூரோ குறைவு, ஒரு நாள் கூடுதல்! டிக்கெட் கவுண்டரில் பாஸ்போர்ட்டைக் காட்டி எடுக்க வேண்டும். வயதுக்குச் சான்று கேட்பார்கள். ஆக மூன்று பேருக்கு 105, மகளுக்கு 33, மொத்தம் 138.

'அம்மாவுக்கு மட்டும் பாஸ், மற்றவர்கள் நடந்து வருகிறோம்' என்றும் சிலர் கணக்குப் போடுவார்கள். அம்மா தனியாகப் படகில் போகப் போவதில்லை, கூட ஒருவர் ஏறித்தான் ஆகணும். பிறகு நடந்து வருகிறவர்களுக்காக இறங்கிய இடத்தில் அரை மணி காத்திருக்க வேண்டும். அதில் மிச்சமாகும் காசு அந்த எரிச்சலுக்கு ஈடாகாது.

ஒவ்வொரு முறை ஏறும்போதும் பாஸை மெஷினில் காட்டுங்கள், ஏற்கெனவே காட்டியாச்சே என்று விட்டுவிடாதீர்கள். சோதனை அதிகாரி பயணத்தின் நடுவில் ஏறுவார். அபராதம் டிக்கெட் விலையைப் போலப் பல மடங்கு. இன்னொன்று, இந்தப் பாஸ் எதுவும் விமான நிலையப் பேருந்துக்குச் செல்லாது. அதற்குத் தலைக்கு 10 யூரோ தனி.

நுழைவுக் கட்டணம்: அது பகலில் வந்து பகலிலேயே போகிறவர்களுக்கு. 2025-ல் ஏப்ரல் 18 முதல் ஜூலை கடைசி வரை தேர்ந்தெடுத்த 54 நாள், காலை 8:30 முதல் மாலை 4 வரை. நான்கு நாள் முன்பே கட்டினால் 5 யூரோ, கடைசி நேரத்தில் 10. மே மாதத் தொடக்கத்துக்குப் பிறகு பெரும்பாலும் வெள்ளி, சனி, ஞாயிறுதான் வரும். நாள்காட்டி வருடத்துக்கு வருடம் மாறும், நகராட்சித் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெனிஸ் நகராட்சி எல்லைக்குள் இரவு தங்குகிறவர்களுக்கு விலக்கு. மெஸ்த்ரேயும் லீதோ தீவும் அந்த எல்லைக்குள்தான் வரும். ஆனால் விலக்கு தானாக வந்து சேராது. அதே தளத்தில் 'தங்கும் விருந்தினர்' என்று பதிவு செய்து கியூஆர் சீட்டு எடுத்துக் கையில் வைத்திருக்க வேண்டும். 14 வயதுக்குக் கீழே எப்படியும் கட்டணம் இல்லை. செலவு குறையும் என்று பதுவாவில் அறை எடுக்கிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்: பதுவா வேறு நகராட்சி, கட்டண நாளில் வந்தால் கட்டித்தான் ஆகணும். சீட்டு இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 50 முதல் 300 யூரோ வரை.

ஹோட்டலில் தங்குவரி என்று தனியாக ஒன்று வாங்குவார்கள். அறை வாடகையில் சேராது, கிளம்பும்போது கட்டுவது. தலைக்கு, இரவுக்கு, ஹோட்டல் தரத்தைப் பொறுத்துச் சில யூரோ. முதல் ஐந்து இரவு வரைதான். 10 வயதுக்குக் கீழே இல்லை, 16 வரை பாதி. உங்கள் நால்வருக்கு மூன்று இரவுக்கு 40 யூரோ ஒதுக்குங்கள்.

மைதிலி_ரவி

தண்டவாளம் சொன்னதை அப்படியே ஏற்க முடியவில்லை. மெஸ்த்ரேயை இவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட வேண்டாம். ஸ்டேஷனுக்கு எதிரிலேயே புதிய கட்டடங்களில் ஹோட்டல் இருக்கிறது: பெரிய லிஃப்ட், பெரிய குளியலறை, நல்ல ஏசி. தீவுக்குள் அதே 'மூன்று நட்சத்திரம்' என்றால் நான்கு பேர் படுத்தால் பெட்டி திறக்க இடமிருக்காது. ரயில் கட்டணம் ஒரு வழிக்கு ஒன்றரை யூரோ சுமார், அடிக்கடி வண்டி உண்டு. சிக்கனம் சொன்ன 48 மணி நேரப் பாஸ் மெஸ்த்ரே–பியாத்சாலே ரோமா (தீவின் பேருந்து முனை) பேருந்துக்கும் டிராமுக்கும் செல்லும், ஆகப் போக்குவரத்துச் செலவு பெரிதாக ஏறாது. மூன்று இரவில் 290 யூரோ மிச்சம் உண்மையாகவே கையில் நிற்கும்.

மெஸ்த்ரேயின் குறை பணத்தில் இல்லை, மதியத்தில். ஜூனில் 12 மணியிலிருந்து 4 மணி வரை வெயிலும் புழுக்கமும் கூட்டமும் சேர்ந்து வரும். தீவுக்குள் அறை இருந்தால் அம்மா அந்த நேரம் படுத்துக்கொள்ளலாம். மெஸ்த்ரே என்றால் படகு, ரயில், நடை எல்லாம் சேர்த்து ஒரு வழிக்கே ஒரு மணி நேரம். யாரும் திரும்பிப் போக மாட்டார்கள், அம்மா தேவாலயப் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார். நீங்கள் இருவர் மட்டும் போவதாக இருந்தால் மெஸ்த்ரே என்றுதான் சொல்வேன். அம்மா வருவதால் தீவு.

செந்தில்_கோவை

ரொம்ப நன்றி. லிஸ்தா தி ஸ்பான்யாவில் லிஃப்ட் உள்ள அறை தேடுகிறேன். டிக்கெட்டைப் பார்த்தேன், எஸ். லூச்சியா என்றுதான் இருக்கிறது.

அடுத்தது, பார்க்க வேண்டிய இடங்கள். சான் மார்க்கோ தேவாலயம், டோஜ் (பழைய வெனிஸ் ஆட்சித் தலைவர்) அரண்மனை, புரானோ தீவு, ஒரு கோண்டோலா. இவ்வளவுதான் ஆசை. அம்மாவை எங்கெல்லாம் கூட்டிப் போகலாம், எங்கே விட்டுவிடலாம்?

லகூன்

இறங்கும் படகுத்துறையைச் சரியாகத் தேர்ந்தெடுத்தாலே அம்மாவின் பாதிப் பிரச்சினை தீரும். சான் மார்க்கோ சதுக்கத்துக்குப் பக்கத்தில் இரண்டு துறை: சான் மார்க்கோ வல்லரெஸ்ஸோ, சான் சக்கரியா. பெரும்பாலோர் சான் சக்கரியாவில் இறங்குவார்கள். அங்கிருந்து சதுக்கத்துக்கு வர பாலம் ஏறி இறங்க வேண்டும். அதுவும் சிறைக்குப் போகும் பெருமூச்சுப் பாலத்தைப் படமெடுக்கக் கூட்டம் அடைத்து நிற்கும் பாலம். வல்லரெஸ்ஸோவில் இறங்கி நேரே உள்ளே போகும் சந்தில் நடந்து வலது பக்கம் திரும்பினால், ஒரு பாலமும் இல்லாமல் சதுக்கத்துக்குள் வந்துவிடலாம். மற்ற துறைகளுக்கும் இப்படிப் பாலமில்லாத வழிகளைக் காட்டும் வரைபடம் நகராட்சி வெளியிட்டிருக்கிறது. சக்கர நாற்காலிக்காரர்களுக்கென்று போட்டது, முட்டிவலிக்காரர்களுக்கும் அதுவே கையேடு.

படகிலும் வித்தியாசம் உண்டு. 1, 2 ஆகிய வழித்தடங்களில் ஓடுவது அகலமான படகு, துறைக்குச் சமமாக நிற்கும், நேரே உள்ளே போய் உட்காரலாம். 4.1, 4.2, 5.1, 5.2 ஆகியவற்றில் ஓடுவது தாழ்வான படகு. இருக்கைக்குப் படி இறங்கிப் போகணும். அம்மாவோடு போகும்போது முடிந்தவரை 1 அல்லது 2. வியாழன் மாலை முதல் சவாரியே 1-ஆம் எண்ணில் பெருங்கால்வாய் முழுக்கப் போங்கள். எல்லாத் துறையிலும் நிற்கும், முக்கால் மணி நேரம் ஆகும், ஊரின் நல்ல முகப்புகள் எல்லாம் அந்தக் கால்வாயைப் பார்த்துத்தான் நிற்கின்றன. ஃபெரோவியா (ரயில் நிலைய) துறையில் ஏறும்போது 'லீதோ' பக்கம் போகிற படகா என்று பலகையைப் பாருங்கள். எதிர்ப்பக்கம் போனால் அடுத்த நிறுத்தம் பியாத்சாலே ரோமா, அங்கே எல்லோரையும் இறக்கிவிடுவார்கள்.

சான் மார்க்கோ தேவாலயத்துக்கு நேரம் குறித்த டிக்கெட்டை இணையத்தில் எடுத்துவிடுங்கள். வரிசை வெட்டவெளியில் நிற்கும். தோளும் முட்டியும் மூடியிருக்க வேண்டும், மகளுக்கு ஒரு துப்பட்டா போதும். பெரிய முதுகுப்பையோடு விட மாட்டார்கள். ஞாயிறு காலை வழிபாட்டு நேரம் என்பதால் உங்களுக்கு வெள்ளி அல்லது சனி. உள்ளே தரை மொசைக் நூற்றாண்டுக்கணக்கில் அமிழ்ந்து அலை அலையாக இருக்கிறது. கூரையைப் பார்த்துக்கொண்டே நடந்தால் கால் இடறும், அம்மா கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேல்மாடத்தில் நிஜமான வெண்கலக் குதிரைகள் இருக்கின்றன (வெளியே தெரிவது நகல்). அதற்குப் படி செங்குத்து, அம்மாவுக்கு வேண்டாம்.

டோஜ் அரண்மனை டிக்கெட் 2025-ல் 30 யூரோ. 30 நாளுக்கு முன்பே எடுத்தால் 25. ஆறு முதல் 14 வயது வரையும், 65-க்கு மேலும் சலுகை டிக்கெட், கிட்டத்தட்ட பாதி. ஆக உங்கள் நான்கு பேருக்கும் 76 யூரோ சுமார். அதே டிக்கெட்டில் சதுக்கத்தின் எதிர்முனையில் உள்ள கொர்ரேர் அருங்காட்சியகமும் அடக்கம். கொர்ரேரில் கூட்டமே இருக்காது. வெயிலுக்கு ஒதுங்கவும் கழிப்பறைக்கும் அதைவிட நல்ல இடம் அந்தப் பக்கம் இல்லை. வெளியே பொதுக் கழிப்பறை ஒரு முறைக்கு ஒன்றரை யூரோ. அரண்மனைக்குள் மாடிகளுக்கு லிஃப்ட் உண்டு, ஊழியரிடம் கேட்டால் கூட்டிப் போவார்கள். பெருமூச்சுப் பாலம் வழியாகச் சிறைக்குப் போகும் பகுதி குறுகலும் படியுமாக இருக்கும். நீங்களும் மகளும் போய் வாருங்கள்.

மேலிருந்து ஊரைப் பார்க்க எல்லோரும் சதுக்கத்தின் மணிக்கூண்டுக்கு வரிசை கட்டுவார்கள். 1902-ல் அது அப்படியே சரிந்து விழுந்து, 1912-ல் திரும்பக் கட்டியது. அதில் லிஃப்ட் இருக்கிறது, வரிசையும் இருக்கிறது. அதற்குப் பதில் எதிர்க்கரையில் சான் ஜோர்ஜோ மஜ்ஜோரே தேவாலயத்தின் கோபுரத்துக்குப் போங்கள். சான் சக்கரியாவிலிருந்து 2-ஆம் எண் படகில் ஒரே நிறுத்தம். இறங்கினால் தேவாலய வாசல். அங்கேயும் லிஃப்ட் உண்டு, விலையும் குறைவு. முக்கியமாக, அங்கிருந்து பார்த்தால் சதுக்கத்தின் மணிக்கூண்டும் காட்சிக்குள் வரும்.

புரானோவுக்கு வெள்ளிக்கிழமை போங்கள், எட்டு மணிக்கே கிளம்புங்கள். ஃபெரோவியாவில் 3-ஆம் எண் நேராக முரானோ தீவுக்குப் போகும். முரானோ ஃபாரோ துறையில் இறங்கி 12-ஆம் எண்ணுக்கு மாறினால் புரானோ. பதினொரு மணிக்கு மேல் 12-ல் ஏறவே வரிசை. மாலை 4 மணிக்குத் திரும்பும் படகு நிரம்பி வழியும், இரண்டு படகை விட்டுத்தான் ஏற முடியும். புரானோவில் இரண்டு மணி நேரம் தாராளம். ஒரு மணிக்குள் திரும்பக் கிளம்பினால் அம்மாவுக்கு உட்கார இடம் கிடைக்கும்.

ஹோட்டலில் 'முரானோ கண்ணாடி ஆலைக்கு இலவசப் படகு' என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். படகு இலவசம்தான். ஐந்து நிமிடம் ஊதிக் காட்டிவிட்டு விற்பனை அறைக்குள் கூட்டிப் போவார்கள்; அங்கே ஆயிரம் யூரோவில் பேச்சைத் தொடங்கி, நீங்கள் வெளியே வருவதற்குள் பாதிக்கு இறங்குவார்கள். திரும்ப வரும் படகும் சில சமயம் இருக்காது.

கோண்டோலா 90 யூரோ என்பது படகுக்கு. நகராட்சி நிர்ணயித்தது: பகலில் 30 நிமிடம் 90, இரவு 7 மணிக்கு மேல் 35 நிமிடம் 110. ஒரு படகில் ஐந்து பேர் வரை. நீங்கள் நான்கு பேர் என்பதால் தலைக்கு 22.50 விழும், 'தலைக்கு இத்தனை' என்று இணையத்தில் விற்கும் கூட்டுச் சவாரி உங்களுக்கு நஷ்டம். ஏறும் முன் நேரத்தையும் தொகையையும் வாய்விட்டுக் கேட்டு உறுதி செய்யுங்கள். பாட்டு தனிக் காசு. பெருங்கால்வாயில் அலை அதிகம், படகு ஆடும். உள்பக்கச் சிறு கால்வாய்த் துறைகளில் ஏறுங்கள். கோண்டோலாவில் ஏறுவது என்றால் ஆடுகிற படகுக்குள் ஒரு காலை இறக்குவது. அம்மாவை முதலில் ஏற்றி நடுவில் உட்கார வையுங்கள், படகுக்காரர் கை கொடுப்பார்.

90 யூரோ மனசு வரவில்லை என்றால் த்ராகெத்தோ இருக்கிறது. பாலமில்லாத இடத்தில் பெருங்கால்வாயைக் குறுக்கே கடத்திவிடும் பெரிய கோண்டோலா, வெளியூர்க்காரருக்கு 2 யூரோ, இரண்டு நிமிடம். ரியால்ட்டோ சந்தைக்கு எதிரே சான்ட்டா சோஃபியாவில் ஒன்று ஓடுகிறது. மகளுக்கு அதுவே போதும்.

மைதிலி_ரவி

சாப்பாடு பற்றி யாரும் பேசவில்லையே. வெனிஸ் சமையல் மீன் சமையல். சைவம் என்று சொன்னால் மட்டும் போதாது. ரிசோட்டோ காய்கறியாகவே இருந்தாலும் வேகவைத்த சாறு கோழியாகவோ மீனாகவோ இருக்கும். பீன்ஸ் பாஸ்தா சூப்பில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். 'கார்னே இல்லை, பெஷே இல்லை, ப்ரோதோ இல்லை' (இறைச்சி, மீன், சாறு) என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். பார்மிஜானோ, கிரானா பதானோ பாலாடைக்கட்டிகளில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும், பாலைத் திரிக்கும் ரென்னெட் உண்டு. அம்மா அதையும் தவிர்ப்பவர் என்றால் பாஸ்தா மேல் தூவ வேண்டாம் என்று முன்பே சொல்லணும். சந்தேகமில்லாதது பிட்ஸா மரினாரா: தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய். மீனும் இல்லை, சீஸும் இல்லை.

உணவகத்தில் உட்கார்ந்தாலே 'கொபெர்த்தோ' என்று தலைக்கு இரண்டு, மூன்று யூரோ பில்லில் வரும். ஏமாற்று இல்லை, வாசல் விலைப்பட்டியலில் போட்டிருப்பார்கள். காபியை நின்றபடி குடித்தால் ஒன்றரை யூரோ சுமார். சான் மார்க்கோ சதுக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தால் பல மடங்கு, வாத்தியக் குழு வாசித்தால் அதற்கும் தலைக்கு ஒரு தொகை.

உங்கள் ஹோட்டலிலிருந்து குல்யே பாலம் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் பழைய தேத்ரோ இத்தாலியா சினிமாக் கொட்டகை. இப்போது அது சூப்பர்மார்க்கெட். சுவரோவியமும் வளைவும் அப்படியே இருக்க, நடுவில் தக்காளி அடுக்கியிருக்கும். பழம், ரொட்டி, தயிர், சாலட் எல்லாம் அங்கே வாங்கி ஒரு வேளையைச் சமாளிக்கலாம். ஆனால் சான் மார்க்கோ சதுக்கத்திலோ பாலப் படிகளிலோ உட்கார்ந்து சாப்பிடாதீர்கள், அபராதம் போடுவார்கள். தண்ணீர் பாட்டில் வாங்கவே வேண்டாம். சதுக்கம்தோறும் குழாய் ஓடுகிறது, நல்ல தண்ணீர். சோறும் பருப்பும் வேண்டும் என்று அம்மா அடம்பிடித்தால் மெஸ்த்ரே ஸ்டேஷன் பக்கம் வியா பியாவே தெருவில் வங்காளதேசத்துக்காரர்களின் மளிகைக் கடைகள் உண்டு. அதற்காகத் தனியாக அலைய வேண்டியதில்லை. ஒரு சின்ன ரைஸ் குக்கரையும் கொஞ்சம் அரிசியையும் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். அறையில் சமைக்க அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டு.

சிக்கனம்

மொத்தக் கணக்கு, யூரோவில்: அறை 630, தங்குவரி 40, படகு பாஸ் 138, விமான நிலையப் பேருந்து 40, டோஜ் அரண்மனை 76, சான் மார்க்கோ தேவாலயத்துக்கு 40 ஒதுக்கீடு, சான் ஜோர்ஜோ கோபுரம் 32, கோண்டோலா 90, சாப்பாடு மூன்று நாளுக்கு 270. கூட்டினால் 1,356. உங்கள் 1,100-க்குள் அடங்காது. யூரோவை 100 ரூபாய் என்று வைத்தால் 1.36 லட்சம், கார்டு கட்டணம் சேர்ந்து கொஞ்சம் ஏறும். கடையிலோ ஏடிஎம்மிலோ 'ரூபாயில் கழிக்கட்டுமா' என்று திரை கேட்டால் வேண்டாம் என்று அழுத்தி யூரோவையே தேர்ந்தெடுங்கள், அவர்கள் போடும் மாற்று விகிதம் மோசம்.

1,100-க்குள்ளோ அதற்குப் பக்கத்திலோ கொண்டுவர வழி இரண்டே. மெஸ்த்ரேக்குப் போனால் ஒரே அடியில் 290 குறையும், மைதிலி சொன்ன மதிய நேரத்தை இழப்பீர்கள். இல்லையென்றால் கோண்டோலா, கோபுரம் இரண்டையும் விட்டு, தினம் ஒரு வேளை சூப்பர்மார்க்கெட் என்று வைத்தால் 1,150-க்கு வரும். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

செந்தில்_கோவை

கோண்டோலாவை விட மகள் சம்மதிக்க மாட்டாள், பட்ஜெட்டை 1,325 ஆக்கிவிட்டுக் கோபுரத்தை வெட்டுகிறேன். கடைசியாக ஒன்று: ஞாயிறு காலை மூன்று பெட்டியோடு விமான நிலையத்துக்கு எப்படி? பியாத்சாலே ரோமாவுக்குப் போக ஒரு பெரிய பாலம் குறுக்கே இருக்கிறதே.

தண்டவாளம்

அது 2008-ல் திறந்த கண்ணாடிப் பாலம். படி தாழ்வுதான், ஆனால் அகலம் ஒரே சீராக இருக்காது. கால் கணக்குத் தப்பும், பெட்டியோடு போவது இன்னும் மோசம். அதைத் தொடவே வேண்டாம். ஹோட்டலிலிருந்து சமதளமாக ஸ்டேஷனுக்கு நடந்து, ரயிலில் மெஸ்த்ரேக்குப் போங்கள், பத்து நிமிடம். கிளம்புகிற ரயில்களில் அநேகமாக எல்லாமே மெஸ்த்ரேயில் நிற்கும். அதிவேக ரயிலில் ஏறிவிடாமல் 'ரெஜோனாலே' (உள்ளூர் ரயில்) என்று போட்டதில் ஏறுங்கள். காகித டிக்கெட் என்றால் நடைமேடையில் உள்ள சிறு மெஷினில் முத்திரை குத்திவிட்டு ஏறணும், மறந்தால் அபராதம். மெஸ்த்ரே ஸ்டேஷன் வாசலிலிருந்தே விமான நிலையப் பேருந்து, அதற்கும் 10 யூரோ சுமார். வழியில் ஒரு பாலமும் இல்லை.

9:40 விமானம் ஃப்ராங்க்ஃபர்ட் வரை ஷெங்கன் (ஒரே விசா நாடுகள்) உள் பயணம், ஆகவே வெனிஸில் பாஸ்போர்ட் முத்திரை வரிசை கிடையாது. 7:30-க்கு விமான நிலையத்தில் இருந்தால் போதும். ஹோட்டலை 6 மணிக்கு விடுங்கள். வெளியேறும் சோதனை ஃப்ராங்க்ஃபர்ட்டில்தான் நடக்கும். கைரேகையும் படமும் எடுக்கும் புதிய முறை வந்த பிறகு அங்கே வரிசை நீள்கிறது. இணைப்பு விமானத்துக்கு இரண்டு மணி நேரமாவது இடைவெளி இருக்கிறதா என்று டிக்கெட்டில் பாருங்கள்.

கிளம்பும் வாரத்தில் 'ஷோப்பெரோ' (வேலைநிறுத்தம்) அறிவிப்பு உண்டா என்று தேடுங்கள், இத்தாலியில் முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். வேலைநிறுத்த நாளில் காலை 6 முதல் 9 வரை உள்ளூர் ரயில் கட்டாயம் ஓடும் என்ற ஏற்பாடு வாரநாளுக்குத்தான், ஞாயிற்றுக்கிழமைக்குக் கிடையாது. அப்படி ஏதாவது இருந்தால் சனி இரவே ஹோட்டலில் சொல்லி, பியாத்சாலே ரோமாவிலிருந்து தரை டாக்சிக்கு ஏற்பாடு செய்யுங்கள். பெட்டியை அந்தக் கண்ணாடிப் பாலத்தில் தூக்கிவிட, உரிமம் பெற்ற சுமைதூக்குவோர் உண்டு. பெட்டிக்கு எவ்வளவு என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். தண்ணீர் டாக்சிப் பக்கம் போகாதீர்கள், விமான நிலையத்துக்கு அது நூறு யூரோவை எப்போதோ தாண்டிவிட்டது.